காற்றில் பொரியுமா? எயார் பிரையர் பற்றி ஒரு பாடம்

நோன்பு மாதம் நெருங்கும்போது மின்சாதனக் கடைகளில் எயார் பிரையர் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. "எண்ணெய் இல்லாமல் பொரிக்கலாம்" என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். அஸருக்குப் பிறகு தாச்சியின் முன்னால் வியர்த்து நிற்கும் உம்மாவைப் பார்க்கும் பிள்ளைக்கும், சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் மருந்து வாங்கிவரும் வாப்பாவுக்கும் அந்த ஒரு வரியே போதும். ஆனால் பல குடும்பங்களுக்கு அது யோசித்து வாங்க வேண்டிய விலையுள்ள பொருள். வாங்கிய சில மாதங்களில் அலுமாரிக்கு மேல் ஏறிவிடும் சாதனங்களில் இதுவும் ஒன்றாகக் கூடாது என்றால், கடைக்குப் போகுமுன் விஞ்ஞானப் பாடத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

பெயர் எப்படியிருந்தாலும், எயார் பிரையர் எதையும் பொரிப்பதில்லை. அது சுடுகிறது. மேலே ஒரு வெப்பச்சுருள், அதனோடு வேகமாகச் சுழலும் ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை. உள்ளே இருப்பது அவ்வளவுதான். சுருளில் சூடான காற்றை விசிறி உணவைச் சுற்றி ஓடவைக்கிறது. ஓடிய காற்று மேலேறி மறுபடியும் சூடாகிறது. வெப்பம் இடம்பெயரும் மூன்று முறைகளில் மேற்காவுகை என்று வகுப்பில் படிக்கிறோமே, அதை விசிறி வைத்து விரைவுபடுத்தியிருக்கிறார்கள். நெதர்லாந்துக்காரரான பிரெட் வான் டெர் வெய் உருவாக்கிய இந்த முறையை பிலிப்ஸ் நிறுவனம் 2010 ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. விசிறியுள்ள ஓவன்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தன. அதைச் சிறிய பெட்டிக்குள் அடக்கியதுதான் புதுமை.

விசிறி எதற்கு? காற்று வெப்பத்தைக் கொடுப்பதில் சரியான கஞ்சன். 180 பாகை செல்சியஸில் இருக்கும் ஓவனுக்குள் ஒரு கணம் கையை நீட்டி எடுத்துவிடலாம். 100 பாகையில் கொதிக்கும் நீரில் விரல் நுனி பட்டாலே கொப்புளம் போட்டுவிடும். திரவம் தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வெப்பத்தை வேகமாகக் கொடுக்கிறது; கொதிக்கும் எண்ணெயும் அப்படித்தான். காற்றோ அப்படியல்ல. உணவைச் சுற்றி ஈரமான, சற்றுக் குளிர்ந்த மெல்லிய காற்றுப்படை ஒன்று போர்வைபோல் நின்றுவிடும். விசிறி அந்தப் போர்வையை ஓயாமல் விலக்குகிறது. கூடையை நிரப்பிக் குவித்தால் காற்று ஓட இடமில்லாமல் போய், மொறுமொறுப்புக்குப் பதிலாக அவித்த கிழங்குதான் கிடைக்கும். இந்தச் சாதனத்தைப் பற்றி வரும் குறைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு காரணத்தால் வருபவை என்பேன்.

மொறுமொறுப்புக்கும் பொன்னிறத்துக்கும் இன்னொரு கணக்கு உண்டு. உணவின் மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. அந்த நீர் ஆவியாகிப் போன பின்னரே சூடு ஏறி, 140 பாகையளவில் புரதமும் சீனியும் வேகமாகத் தாக்கமுற்று நிறமும் மணமும் பிறக்கின்றன. 1912 இல் இதை விவரித்த பிரான்சிய இரசாயனவியலாளர் மெய்யாரின் பெயரால் இது மெய்யார் தாக்கம் எனப்படுகிறது. ஆகவே கழுவிய கிழங்கையும் மீனையும் துணியால் நன்றாக ஒற்றி உலர்த்துவது அரைவாசிச் சமையல். மீதியை ஒரு கரண்டி எண்ணெய் செய்துவிடும். எண்ணெய் பூசிய மேற்பரப்பு வெப்பத்தைச் சீராக வாங்கிக்கொள்ளும். ஒரு துளிகூட இல்லாமல் வைத்த சமூசா வெளிறி, தடித்த கடதாசிபோல் ஆகிவிடும். "எண்ணெய் இல்லாமல்" என்பதைக் "கொஞ்ச எண்ணெயில்" என்று திருத்தி வாசியுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம். கிராமுக்கு 9 கிலோகலோரி. அரைக் கிலோ கிழங்குக்கு அந்த ஒரு கரண்டி போதும் என்பதுதான் உண்மையான இலாபம்.

இந்த இலாபம் மிகத் தெளிவாகத் தெரிவது கத்தரிக்காயில். புரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் கத்தரிக்காய் மோஜுவுக்குக் காயை எண்ணெயில் பொரிக்கும்போது அது பஞ்சுபோல் உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். காயை நீளமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் ஒரு கரண்டி எண்ணெயும் பிரட்டி, 190 பாகையில் சுமார் 15 நிமிடம், இடையில் இரண்டு தடவை குலுக்கி எடுத்தால் மோஜுவுக்குத் தாராளமாகப் போதும். மசாலா தடவிய மீன் துண்டுகளுக்கு 180 பாகையில் 12 நிமிடமளவு, நடுவில் ஒரு தடவை திருப்புதல். தோலோடு இருக்கும் கோழிக்காலுக்கு மேலே எண்ணெயே வேண்டாம், அதன் கொழுப்பே போதும். 180 பாகையில் 25 நிமிடமளவு. வெளியே சிவந்துவிட்டதே என்று எடுத்துவிடாதீர்கள். எலும்பை ஒட்டிய இறைச்சி 74 பாகையைத் தொட்டிருக்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் எலும்பருகே வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு இருந்தால் மீண்டும் உள்ளே. கச்சானும் கஜுவும் 160 பாகையில் அழகாக வறுபடும், ஆனால் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இனி, ஆகாதவை. கரைத்த மாவில் தோய்த்துப் போடும் எதுவும் ஆகாது. வாழைக்காய் பஜ்ஜி, கொக்கிஸ், உளுந்து வடை எல்லாம் எண்ணெயில் விழுந்த கணத்தில் மாவு இறுகுவதை நம்பி இருக்கும் பண்டங்கள். காற்றில் மாவு வழிந்து துளைகளை அடைத்துவிடும். பப்படத்தை விசிறி தூக்கிச் சுருளில் மோதவைக்கும். கூடையில் விரிக்கும் தாளும் அப்படித்தான், மேலே உணவு இல்லாமல் தாளை மட்டும் வைத்துச் சூடாக்கினால் அது பறந்து சுருளில் பட்டுத் தீப்பிடிக்கலாம்.

கிழங்கு பற்றி ஒரு வார்த்தை. மாப்பொருள் உணவுகளை 120 பாகைக்கு மேல் சுடும்போதும் பொரிக்கும்போதும் அக்ரிலமைட் என்ற சேர்வை உண்டாவதை 2002 இல் சுவீடன் விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினார்கள். காற்றில் சுட்டாலும் இது உண்டாகும். வெட்டிய கிழங்கை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து உலர்த்தினால் அது குறையும். பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், கபிலமாக விடக்கூடாது.

இப்போது இஃப்தார் கணக்குக்கு வருவோம். வீட்டில் ஏழு பேர், 40 சமூசா என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையில் ஒரே படையாக 10 தான் அடங்கும் என்றால் நான்கு முறை, முறைக்கு 12 நிமிடம், மொத்தம் 48 நிமிடம். தாச்சியில் இதே வேலை கால் மணி நேரத்தில் முடியும். நேரம் மிச்சம் என்ற விளம்பரம் பெரிய குடும்பத்துக்குப் பொருந்தாது. ஆனால் அந்த 48 நிமிடமும் யாரும் கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கவில்லை. நோன்புக் கஞ்சியைக் கவனிக்கலாம், குர்ஆன் ஓதலாம். நான்கு தொகுதியையும் நேரத்தோடு சுட்டு வைத்து, பாங்குக்குச் சற்று முன் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று நான்கு நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சூடாக்கும்போது மட்டும் சற்றுக் குவிந்திருந்தாலும் பரவாயில்லை.

மின்சாரம்? 1500 வாற்றுச் சாதனம் 48 நிமிடம் முழு வலுவில் ஓடினால் 1.2 அலகு. இடையிடையே சுருள் அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். எங்கள் மின்கட்டணம் அலகு கூடக்கூடப் படியேறும் கட்டணம் என்பதால் மாதக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் பிளக் பொயின்ட். 1500 வாற்றை 230 வோல்ற்றால் வகுத்தால் 6.5 அம்பியர். பழைய வீடுகளில் இருக்கும் உருண்டைக் கால் பொயின்ட் பல 5 அம்பியருக்கு உரியவை. 1150 வாற்றுக்கு மேல் தாங்காது. மாற்றுச் செருகி ஒன்றை நடுவில் வைத்துச் சமாளிப்பது வயரைச் சூடாக்கித் தீயை வரவழைக்கும் வேலை. சதுரக் கால் 13 அம்பியர் பொயின்ட் குசினியில் இல்லையென்றால், எயார் பிரையருக்கு முன் மின்னிணைப்பாளரைத்தான் கூப்பிட வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கவும் இடம் தேவை, பின்புறத்தால் சூடான காற்று வெளியேறும்.

தெரிவு செய்யும்போது லீற்றர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஆழமான கூடைக்கு லீற்றர் கூடும்; உணவோ ஒரு படையில்தான் பரவ வேண்டும். அடிப்பரப்புத்தான் கணக்கு. கடைக்குப் போகுமுன் பழைய பத்திரிகைத் தாளில் 20 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று வரைந்து, அதில் உங்கள் வீட்டு ரோல்ஸோ கட்லட்டோ எத்தனை அடங்குகின்றன என்று அடுக்கிப் பாருங்கள். பிறகு அடிமட்டத்தோடு கடைக்குப் போகலாம், வெட்கப்பட எதுவுமில்லை. தொடுதிரையும் பன்னிரண்டு பொத்தான்களும் விலையைக் கூட்டும், சுவையைக் கூட்டாது. வெப்பநிலைக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு குமிழ்கள் போதும். வாப்பும்மாவும் தனியாகப் பாவிக்கலாம். கூடை மட்டும் தனியாகக் கிடைக்குமா, உத்தரவாதக் காலத்தில் திருத்துவது எந்த ஊரில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே விசிறியுள்ள ஓவன் இருந்தால் எதையும் வாங்க வேண்டியதில்லை. கம்பித் தட்டில் அடுக்கிச் சுட்டால் அதே வேலை நடக்கும்.

வாங்கியவர்களுக்கு: கூடையின் ஒட்டாத பூச்சுத்தான் முதலில் பழுதாகும் பகுதி. கம்பித் தும்பும் இரும்புக் கரண்டியும் அதில் படக்கூடாது. விசிறும் எண்ணெய் டப்பாக்களில் கலந்திருக்கும் லெசித்தின் பிசினாகப் படிந்து பூச்சைக் கெடுக்கும். தூரிகையால் தடவுவதே நல்லது. ஆறியபின் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தால் பஞ்சாலேயே போய்விடும். மேலே இருக்கும் சுருளையும் மறக்காதீர்கள். அதில் தெறித்த கொழுப்புத்தான் அடுத்த தடவை புகையாக வருகிறது.