ஒற்றையிருக்கைப் பந்தய வண்டியும் ஒரு நங்கையின் ஏற்றமும்

இராயபுரத்தினின்றும் கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவர், திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் சேருமுன், சக்கரங்களின் சரித்திரத்தினூடே சென்றவராவர். 1946-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில், கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பார் குழந்தைகள் ஊதி விளையாடும் இரப்பர்ப் பலூன்களைச் செய்யத் தொடங்கினார். அச்சிறு தொழிலே நாளடைவில் மெட்ராஸ் ரப்பர் பாக்டரியாக வளர்ந்து, 1961-ல் தன் முதல் டயரை வெளியிட்டது. 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பிற்று. 1955-ல் அஃது அசோக் லேலண்டு எனும் பெயர் பூண்டு, லாரிகளுக்கும் பஸ்களுக்கும் தாயகமாயிற்று. என்பீல்டு மோட்டார் சைக்கிளும் திருவொற்றியூரிலேயே இந்நாட்டுப் பிறப்பை எய்தியது.

இவ்வாறு சக்கரம் செய்யும் ஊரார்க்கு, அச்சக்கரம் தன் முழு வேகத்தில் உருளுமிடம் யாது, அதனை உருட்டுவோர் யாவர் என்பதை அறியும் விருப்பம் எழுதல் இயல்பே. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், நம் நகர்க்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையிலுள்ள பந்தயச் சாலையில், எம். ஆர். எப். சாலஞ்சு எனப்படும் ஒற்றையிருக்கை வண்டிப் பந்தயத் தொடரின் இறுதிச் சுற்று நடைபெற்றது. ஆடவர் பலரை வென்று அத்தொடரின் பட்டத்தைப் பெற்றவர் இருபது வயதுடைய ஓர் ஆங்கில நங்கை. அவர் பெயர் ஜேமி சாட்விக். அதற்குமுன் எந்தப் பெண்ணும் அப்பட்டத்தைப் பெற்றதில்லை. திருவொற்றியூரில் பலூனாகப் பிறந்த ஒரு தொழில், ஒரு பெண்ணின் ஏற்றத்திற்குப் படியாய் அமைந்த இச்செய்தியை மாணவர் சிறிது ஆராய்ந்து பார்த்தல் பயனுடைத்து.

1. நம் பகுதியில் பந்தயம் வளர்ந்த வகை

இரண்டாம் உலகப் போரின்போது நகர்க்கு வடமேற்கே சோழவரத்தில் விமானத் தளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் வெறுமையாய்க் கிடந்த அந்த ஓடுபாதையே தென்னாட்டு மோட்டார்ப் பந்தயத்தின் தொட்டிலாயிற்று. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நிறுவப்பெற்றது. பல்லாண்டுகள் சோழவரத்துப் பந்தயங்களைக் காண மக்கள் பெருந்திரளாகக் கூடினர். பின்னர் அச்சங்கத்தார் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்திற்கென்றே பன்னிரண்டு வளைவுகளுடன் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையை அமைத்தனர். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றிய நகரத் தெருக்களிலேயே, மின்விளக்கொளியில் இரவுப் பந்தயம் நடந்தது. துறைமுகத்திற்கு அணித்தாகவே நடந்த அதன் ஓசை, அதுகாறும் பந்தயத்தைக் கண்டறியாத பலர் செவிக்கும் எட்டியிருத்தல் கூடும்.

2. ஏணியின் படிகள்

ஒற்றையிருக்கை வண்டி என்பது ஓட்டுவோர் ஒருவர்க்கு மட்டுமே இடமுடையது. சக்கரங்கள் நான்கும் உடலுக்கு வெளியே நிற்கும். இத்துறையில் உயர விரும்புவோர் படிப்படியாகவே ஏறல் வேண்டும். எட்டு அல்லது ஒன்பது வயதிற் கார்ட் எனப்படும் சிறு வண்டி முதற்படி. பதினைந்து வயதினர் ஏறத்தகுவது பார்முலா நான்கு. அதன்மேல் பார்முலா மூன்று. அதன்மேல் பார்முலா இரண்டு. உச்சியிலிருப்பது பார்முலா ஒன்று. பார்முலா என்பது ஈண்டு விதி என்னும் பொருட்டு. எஞ்சினின் ஆற்றல், வண்டியின் எடை, டயரின் அளவு முதலியவற்றை வரையறுக்கும் விதித் தொகுதியே அது. நான்காம் படிக்குரிய உலகப் பொதுவிதிகள் 2014 முதல் வழங்குகின்றன. இந்தியாவிற்குரிய பார்முலா நான்கு தொடர் 2023-ல் தொடங்கிற்று.

உச்சிப் படியில் ஏறுதற்கு ஒரு சிறப்பு அனுமதிச் சீட்டு வேண்டும். அதனைப் பெற, மூன்றாண்டுகளுக்குள் கீழ்ப்படிகளிற் பெற்ற வெற்றிகளால் 40 புள்ளிகள் சேர்த்திருத்தல் வேண்டும். இந்த எண்ணை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் இதன் பொருள் விளங்கும்.

3. வளைவில் விளங்கும் கல்வி

நேர்ச்சாலையில் விரைதற்கு எஞ்சினே போதும். வளைவிலேதான் ஓட்டுவோரின் அறிவு வெளிப்படும். டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள பிடிப்பு ஓர் அளவுக்குட்பட்டது. அப்பிடிப்பினைக் கொண்டே வேகத்தைக் குறைத்தலும், திரும்புதலும், மீண்டும் விரைதலும் நிகழ வேண்டும். முழுப் பிடிப்பையும் பிரேக்கிற்கே செலவிட்டவனுக்குத் திரும்புதற்கு ஒன்றும் எஞ்சாது. வண்டி சாலையை விட்டு அகலும். ஆதலின் தேர்ந்தவர், நேராகச் செல்லும்போதே பிரேக்கை வன்மையாக அழுத்தி, வளைவினுள் நுழையுந்தோறும் அதனைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, வளைவின் உட்கோடியைத் தொட்டு, பின் வெளிப்புறம் நோக்கி வண்டியை விரித்து விடுவர். நுழையும்போது அவசரப்பட்டவன் வெளியேறும்போது பின்தங்குவான். வெளியேறும்போது பெற்ற சிறு வேகம், அடுத்துவரும் நேர்ச்சாலை முழுவதும் பெருகிக்கொண்டே செல்லும்.

இதற்கு உடல் வலியும் வேண்டும். வேகமிக்க வளைவில், புவியீர்ப்பைப்போல் இருமடங்கு மும்மடங்கான விசை ஓட்டுவோரைப் பக்கவாட்டில் இழுக்கும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறு கிலோ எனக் கொள்வோமாயின், அவ்வளைவிற் கழுத்து தாங்கவேண்டிய சுமை பன்னிரண்டு முதல் பதினெட்டுக் கிலோ வரையிலாகும். ஒவ்வொரு சுற்றிலும் பன்முறை அச்சுமை வலமும் இடமும் மாறி மாறி வரும். பார்முலா இரண்டு வண்டிகளில் ஸ்டீரிங்கை எளிதாக்கும் துணைக்கருவியும் இல்லை. ஆதலின் பெண்கள் தோளையும் கழுத்தையும் முன்கையையும் தனியே பயிற்றல் இன்றியமையாததாகிறது. இது பயிற்சியால் நிரப்பக்கூடிய குறையே. 2019-ல் கொலம்பியா நாட்டுத் தத்தியானா கால்தெரோன் இன்றைய பார்முலா இரண்டு தொடரில் ஓட்டிய முதற் பெண்ணாகி இதனை மெய்ப்பித்தார். அவரும் முன்னர் எம். ஆர். எப். சாலஞ்சில் ஓட்டியவரே.

4. சாட்விக் ஏறிய வழி

ஜேமி சாட்விக் 1998-ல் இங்கிலாந்தின் பாத் நகரிற் பிறந்தவர். தம் தமையனாரைப் பின்பற்றியே கார்ட் வண்டியில் ஏறினார். 2015-ல், பதினேழு வயதில், பிரிட்டிஷ் ஜி.டி. தொடரின் நான்காம் பிரிவில் இணையோட்டியுடன் பட்டம் வென்றார். எனினும் அஃது ஒற்றையிருக்கை வண்டியன்று. 2017-ல் அவர் பிரிட்டிஷ் பார்முலா மூன்றில் நுழைந்தபோது, ஒரு துறையில் பட்டம் பெற்றவர் மறு துறையில் மாணவராக அமரவேண்டியதாயிற்று. அவர் அதற்கு நாணவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பிராண்ட்ஸ் ஹாட்ச் சாலையில், அத்தொடரில் வென்ற முதற் பெண்ணானார். அக்குளிர்காலத்திலேயே துபாய், பஹ்ரைன், சென்னை ஆகிய மூன்றிடங்களில் நடந்த எம். ஆர். எப். சாலஞ்சில் ஓட்டி, நம்மூரிற் பட்டத்தை உறுதி செய்தார்.

2019-ல் பெண்களுக்கென்றே டபிள்யூ சீரிஸ் எனும் தொடர் தோன்றியது. அதில் ஓட்டுவோர் தம் பணத்தைச் செலுத்த வேண்டியதில்லை. முதல்வர்க்கு ஐந்து லட்சம் டாலர் பரிசு. அவ்வாண்டும், 2021-லும், 2022-லும் அதன் பட்டம் சாட்விக்கிற்கே உரியதாயிற்று.

மும்முறை வென்றவர் அடுத்த படியாகிய பார்முலா மூன்றின் உலகத் தொடருக்கும், பார்முலா இரண்டிற்கும் அழைக்கப்பட்டிருப்பார் எனக் கருதுவோம். அவ்வாறு நிகழவில்லை. பிந்திய இரு பட்டங்களும் தலைக்குப் பதினைந்தாக முப்பது புள்ளிகளே தந்தன; நாற்பதை எட்டவில்லை. அதனினும் பெரிய தடை பணம். மேற்படிகளில் இருக்கை பெறுவோர், தம்மை ஆதரிக்கும் வணிகரிடமிருந்து பெருந்தொகை கொணரல் வேண்டும். 2022-ஆம் ஆண்டின் இறுதிப் பந்தயங்களை நடத்தவும் பொருளின்றி டபிள்யூ சீரிஸ் தானே நின்று போயிற்று. சாட்விக் அமெரிக்கா சென்று, இண்டி நெக்ஸ்ட் எனும் தொடரில் 2023-ல் மீண்டும் புதியவராகத் தொடங்கினார். 2024 ஜூனில் ரோடு அமெரிக்கா சாலையில் வென்றார். 2025-ல் ஐரோப்பாவின் நெடும்பந்தயத் துறைக்கு மாறினார். பார்முலா ஒன்றின் கதவு அவர்க்குத் திறக்கவில்லை.

5. தனிக்களம் துணையோ, தடையோ?

பெண்களுக்குத் தனிப்பந்தயம் வேண்டுமா என்பது அறிஞரிடை நிகழும் வழக்கு. கடிகாரம் ஆண் பெண் பாராது; ஆதலின் தனிக்களம் தேவையில்லை என்பர் ஒரு சாரார். 1958-ல் மரியா தெரேசா தெ பிலிப்பிஸ் ஆடவரோடு பார்முலா ஒன்றில் ஓட்டியதையும், 1975-ல் ஸ்பெயின் நாட்டில் லெல்லா லோம்பார்டி ஆறாவதாக வந்து, பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டமையால் அரைப் புள்ளி பெற்றதையும் அவர் காட்டுவர். மற்றொரு சாராரோ, 1976-க்குப் பின் எந்தப் பெண்ணும் அக்களத்திற் பந்தயம் தொடங்கவில்லை என்பதையும், 1992-ல் முயன்ற ஜியோவன்னா அமாட்டி தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை என்பதையும் கூறி, கதவு திறந்திருந்தும் வழி அடைபட்டிருப்பதைச் சுட்டுவர்.

இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. தனிக்களம் முடிவிடமாயின் அது வேலி. மேற்படிக்குக் கொண்டுசெல்லுமாயின் அது பாலம். 2023-ல் தொடங்கிய எப் ஒன் அகாடமி இரண்டாவது வகையாக அமைய முயல்கிறது. அதன் 2024-ஆம் ஆண்டுப் பட்டத்தை வென்ற அபி புல்லிங், அவ்வாண்டே பிரிட்டிஷ் பார்முலா நான்கில் ஆடவரையும் வென்ற முதற் பெண்ணாவார். பட்டத்தின் பயனாக 2025-ல் ஆடவரோடு ஓட்டும் மேற்படித் தொடரில் இருக்கையும் பெற்றார். சாட்விக்கிற்குக் கிட்டாத பாலம் அவர்பின் வந்தவர்க்குக் கிட்டியது. முன்னே நடந்தவர் தடுக்கி விழுந்த இடத்தை அறிந்தே பின்னோர் அங்குக் கல்லிடுகின்றனர்.

6. நம் நாட்டு நங்கையர்

நம் நகரத்து அலிஷா அப்துல்லா, மோட்டார் சைக்கிள் வீரராகிய தந்தையின் வழியில், ஒன்பது வயதிற் கார்ட் ஓட்டத் தொடங்கி, இளம்பருவத்திலேயே பார்முலா வண்டிகளிலும் ஆடவரோடு ஓட்டினார். பின் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பெயர் பெற்று, பெண்களுக்குப் பந்தயம் கற்பிக்கும் பள்ளியொன்றையும் நிறுவினார். வடோதராவின் மீரா எர்டாவும் சிறுவயதிற் கார்ட் ஓட்டி, பார்முலா வண்டிகளில் முன்னேறியவர். ஸ்நேகா சர்மா பயணிகள் விமானத்தைச் செலுத்தும் உத்தியோகத்தோடு பார்முலா நான்கு வண்டியையும் ஓட்டியவர். இம்மூவரும் ஏணியின் முதற்படிகளை இந்நாட்டுப் பெண்கள் ஏறக்கூடும் எனக் காட்டிவிட்டனர். அவர்க்கு மேலுள்ள படிகளே இன்னும் தொலைவில் உள்ளன. அத்தொலைவு திறமையால் மட்டும் ஏற்பட்டதன்று. பொருளாலும் வாய்ப்பாலும் ஏற்பட்டது.

7. மாணவர்க்குரிய பாடம்

டயர்த் தொழிற்சாலையின் இரவு முறை முடிந்து கைகளிற் கரியோடு வீடு திரும்பும் தொழிலாளியின் மகள், அந்த டயரின்மேல் அமர்ந்து பந்தயம் வெல்லுதல் எளிதோ என வினவின், எளிதன்று என்றே விடையிறுத்தல் நேர்மை. கார்ட் ஓட்டும் முதற்படியே ஒரு குடும்பத்தின் ஊதியத்திற்கு மிஞ்சியது. பொய்யான நம்பிக்கை ஊட்டுதல் கல்விக்கு அழகன்று.

ஆயினும் பந்தயம் என்பது ஓட்டுபவர் ஒருவரால் மட்டும் நடைபெறுவதன்று. எப்போது டயரை மாற்றுவது எனக் கணக்கிட்டு ரெட் புல் அணியின் வெற்றிகளுக்கு வழிகாட்டியவர் ஹன்னா ஷ்மிட்ஸ் என்னும் பொறியறிஞர். 2025-ல் பார்முலா ஒன்றில் ஓர் ஓட்டுநர்க்குரிய தலைமைப் பொறியாளராக நிலையான பொறுப்பேற்ற முதற் பெண் லாரா மூல்லர். இவ்விடங்களுக்கு ஏறும் ஏணி, கணிதமும் பௌதிகமும் இயந்திரக் கல்வியுமாகும். அந்த ஏணியின் அடிப்படி நம் கல்லூரி போன்றவற்றின் வகுப்பறையிலேயே உள்ளது; அதற்கு வணிகர் ஆதரவு வேண்டுவதில்லை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். வண்டியின் மூடியைத் திறந்து பார்க்கும் சிறுவனை நாம் கெட்டிக்காரன் என்கிறோம். அதையே செய்யும் சிறுமியை, கை அழுக்காகும் என்று அழைத்துக்கொள்கிறோம். நாற்பது புள்ளிகளின் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சாட்விக் சென்னையிற் பெற்ற பட்டம், பிறர் நாட்டு மகளிர்க்கு நம் மண் தந்த ஒரு படி. அதே படியை நம் மகளிர்க்கும் தருதல் நம் கடன். வடசென்னையின் தொழிற்சாலைகள் சக்கரத்தைச் செய்துவிட்டன. அதனைத் திருப்பும் கைகளுள் அவ்வூர்ப் பெண்களின் கைகளும் இருத்தல் வேண்டும்.