பழைய ஜப்பான் பைக்கை எழுப்ப வரும் பிள்ளைகளுக்கு எட்டு அறிவுரைகள்

தேயிலைத் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், சின்னத்துரை (உதவித் தோட்ட அதிகாரி) மலைக்கு வருகிறார் என்று கொழுந்து பறிக்கும் கைகள் வேகம் பிடித்த காலம் ஒன்று இருந்தது. 1977இல் இலங்கையின் இறக்குமதிக் கதவு திறந்தபின் ஜப்பான் பைக்குகள் பெருகின. கைமாறிக் கைமாறி நம் வீடுகளுக்கும் வந்தன. இன்று ஒரு சுசுகி ஏ100ஓ யமஹா டிடி125ஓ விறகுக் கொட்டிலில் துருவேறிக் கிடப்பதைக் கண்டால், அதை எழுப்பி ஓட்ட உங்களுக்கு ஆசை வருகிறது. நல்ல ஆசை. ஹட்டனில் இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களோடு வயதானவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் புத்தகத்தைப் பாருங்கள், பிறகு பைக்கைப் பாருங்கள்.
பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் இரும்பில் குத்தியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பல கை மாறியும் பெயர் மாறாமல் ‘ஓப்பன் பேப்பரில்’ நிற்கும் பைக் என்றால், பதிவில் உள்ளவரைத் தேடிப்பிடித்துப் பெயரை மாற்றிய பின்பே சாவியைத் தொடுங்கள். பழைய ஸ்ரீ எழுத்து இலக்கத்தகடு இருந்தால் அது அந்த பைக்கின் வயதுக்குச் சாட்சி. அதைக் காப்பாற்றுங்கள்.

2. கழற்றும் முன் படம் எடுங்கள்.
ஒவ்வொரு வயரும் எந்த வழியாகப் போகிறது என்று படம் பிடித்து, ஆணிகளைத் தனித்தனி டின்களில் பெயரெழுதி வையுங்கள். ஜப்பான் ஸ்டார் ஆணி ஜேஐஎஸ் அளவில் வெட்டியது. சாதாரண பிலிப்ஸ் டிரைவரைப் போட்டுத் திருகினால் வழுக்கி, ஆணியின் தலையைத் தின்றுவிடும். பொருத்தமான டிரைவரை வாங்குங்கள். முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு, காலையில் சுத்தியலால் மெல்லத் தட்டித் திருகுங்கள்.

3. பெயின்ட் கடைசி வேலை.
பளபளக்கும் டேங்குக்குக் கீழே செத்த எஞ்சின் இருந்து பயனில்லை. டேங்கின் வெளியைவிட உள்ளே பாருங்கள். நம் பனியிலும் ஈரத்திலும் அங்கேதான் துரு பிடிக்கும். வினாகிரி ஊற்றி ஊறவிட்டுக் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் பூசுங்கள்.

4. ஆயில் சீலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.
டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே ஒரு பம்ப். பெற்றோல் கலவையை உள்ளே இழுப்பதும் மேலே தள்ளுவதும் அதுதான். பல வருடம் நின்ற பைக்கில் சீல் காய்ந்து கல்லாகியிருக்கும். மெக்னட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று நுழைந்து எஞ்சின் தானாக அலறும், பிஸ்டன் உருகும். கிளச் பக்கத்துச் சீல் போனால் கியர் எண்ணெயை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும்.

5. போர் அடித்தபின் ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.
சிலிண்டர் தேய்ந்திருந்தால் அடுத்த பெரிய அளவுப் பிஸ்டனைப் பொருத்தும்படி லேத்தில் போர் அடிப்பார்கள். அப்போது போர்ட் விளிம்புகள் கத்திபோல் நிற்கும். அவற்றை மழுக்காமல் பூட்டினால் ரிங் சிக்கி உடையும். பூட்டிய பிறகு முதல் 500 கிலோமீற்றருக்கு எஞ்சினை விரட்டாதீர்கள்.

6. எண்ணெய் பம்பைக் கழற்றி எறியாதீர்கள்.
யமஹா 1964இலேயே ஆட்டோலூப் என்ற எண்ணெய் பம்பைக் கொண்டுவந்தது. சுசுகியின் சிசிஐ முறை எண்ணெயைக் கிராங்க் பேரிங்குக்கே நேரே அனுப்பும். அதை எடுத்துவிட்டுப் பெற்றோலில் கலந்து ஓட்டினால் அந்த வழி வறண்டுபோகும். குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். பம்ப் வேலை செய்கிறதென்று நம்பிக்கை வரும்வரை, முதல் டேங்கில் மட்டும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயையும் கலந்து ஓட்டுங்கள்.

7. மலைக்கு ஒரு ஜெட், கொழும்புக்கு ஒரு ஜெட்.
நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் அதே அளவு வந்தால் பிளக் கறுத்து, ஏற்றத்தில் பைக் திணறும். மெயின் ஜெட்டை ஓரளவு சிறிதாக்குங்கள். பிளக்கின் மூக்கு பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால் கலவை சரி. கீழ்நாட்டுக்கு இறங்கும்போது பழைய ஜெட்டை மறக்காமல் மாற்றுங்கள். சின்ன ஜெட்டோடு கொழும்பில் முறுக்கினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

8. இறக்கத்தில் எஞ்சினைப் பட்டினி போடாதீர்கள்.
நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பாதை மிக நீளம். எக்ஸிலேட்டரை முழுதும் மூடி, கியரில் பிடித்தே இறங்கினால் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்றும். எண்ணெயோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிஸ்டன் பிடித்துவிட்டால் பின்சக்கரம் வளைவிலேயே பூட்டிக்கொள்ளும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளச்சைப் பிடித்து, எக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கி எஞ்சினுக்கு எண்ணெய் கொடுங்கள். ஏறிய உயரத்தைவிட, பத்திரமாக இறங்கி வந்த தூரத்தைத்தான் நான் வேலைக்கு அத்தாட்சியாக எடுப்பேன்.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் ஒரு பாகம் கிடைத்தாலும், கழற்றிய ஒரிஜினலை எறிந்துவிடாதீர்கள். நாளைக்கு இன்னொருவர் அளவெடுக்க அது ஒன்றுதான் மிஞ்சும். முதல் பைக் முழுதாக ஓடும்வரை இரண்டாவதைக் கொட்டிலுக்குக் கொண்டுவராதீர்கள். ஓடத் தொடங்கியதும் பூட்டி வைக்காமல் வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கும் சின்னப் பிள்ளையின் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுங்கள்.