சிக்னலுக்கு யார் கண்ணில் படுவார்கள்?

எதிர்ச்சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. ஆனாலும் நமக்குச் சிவப்பு விளக்கு எரிகிறது. ஏன்? பல சிக்னல்களில் இருப்பது வெறும் டைமர்தான். முன்பே பதிந்து வைத்த விநாடிகளை அது எண்ணிக்கொண்டிருக்கும்.

செயற்கை நுண்ணறிவு இதை எப்படி மாற்றுகிறது? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'சர்ட்ராக்' முறையை 2012-ல் 9 சந்திப்புகளில் சோதித்தார்கள். கேமராக்கள் மூலம் வண்டிகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு சிக்னலும் தன் பச்சை நேரத்தைத் தானே முடிவு செய்யும். 'இத்தனை வண்டிகள் வருகின்றன' என்று அடுத்த சிக்னலுக்கும் தகவல் அனுப்பும். பயண நேரம் சுமார் 25 சதவீதமும், காத்திருக்கும் நேரம் சுமார் 40 சதவீதமும் குறைந்தன.

நானும் என் கம்ப்யூட்டரில் ஒரு சந்திப்பை அமைத்துப் பார்த்தேன். 'நீண்ட வரிசைக்குப் பச்சை கொடு' என்பதுதான் விதி. சராசரிக் காத்திருப்பு நன்றாகக் குறைந்தது. எனக்கோ ஒரே மகிழ்ச்சி! பிறகுதான் கவனித்தேன். குறுக்குத் தெருவில் ஒற்றை வண்டி கடைசிவரை நின்றுகொண்டே இருந்தது. 'யாரும் 90 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தேன். சராசரி சற்றே கூடியது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உறைத்தது. என் புரோகிராம் எண்ணியது வண்டிகளை மட்டும். சாலையைக் கடக்க நிற்கும் பாட்டி அதன் கணக்கிலேயே இல்லை. நீங்கள் இதை எழுதிப் பார்த்தால், முதலில் பாட்டியைச் சேருங்கள்.