சேரும் நாளே பதிவு எண்ணைக் கேளுங்கள்

தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ படித்து முடித்தவருக்குத் தெரிந்தவர் மூலம் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைத்துவிடும். “ஒரு வருஷம் நின்று பழகு, பிறகு பார்க்கலாம்” என்பார் முதலாளி. வீட்டாரும் பையனுக்கு அப்ரண்டிஸ் வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் கேட்பது எழுத்தில் போட்டுப் பதிவான ஒப்பந்தத்தை. அது இல்லாத வருஷத்தில் கை எவ்வளவு பழகினாலும் தேர்வுக்கோ சான்றிதழுக்கோ அது கணக்கில் வராது. அதைவிட மோசமான விளைவும் உண்டு. ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்கள் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியாது என்று பொதுத்துறை நிறுவனங்களின் விளம்பரங்கள் பலவற்றில் இருக்கும். ஆக, பதிவில்லாமல் உழைத்த வருஷமே நல்ல இடத்தின் கதவை அடைத்துவிடலாம். சம்பளத்தைப் பார்த்து இடம் தேடாதீர்கள், பதிவைப் பார்த்துத் தேடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் மத்திய அரசின் ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’ தளத்திலும், டிப்ளமோ, டிகிரிக்காரர்கள் ‘நாட்ஸ்’ (NATS) தளத்திலும் பதிய வேண்டும். இரண்டும் இலவசம். பெரும்பாலோர் இடறுவது பெயரில். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காஞ்சிரங்குளம், பாறசாலைப் பக்கம் இது இரட்டைச் சிக்கல்: தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெரும்பாலும் பின்னால் நிற்கும். ஆதாரில் இன்னொரு மாதிரி இருந்தால் மூன்றும் மூன்று ஆளாகிவிடும். எஸ்.எஸ்.எல்.சி.யைத் தொடாதீர்கள், ஆதாரை அதற்கேற்பத் திருத்துங்கள். இதை முடிக்காமல் தளத்தைத் திறக்கவே வேண்டாம். வங்கிக் கணக்கிலும் கவனம் தேவை. ஐ.டி.ஐ. முடித்தவரின் ஸ்டைப்பண்டில் 25 சதவீதம், அதிகபட்சம் 1500 ரூபாய், மத்திய அரசின் பங்கு. 2023 முதல் அது அப்ரண்டிஸின் கணக்குக்கே நேராக வருகிறது. இரண்டு வங்கியில் கணக்கு வைத்திருந்தால் அரசுப் பணம் எதில் விழும்படி ஆதார் இணைந்திருக்கிறது என்பதை வங்கியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இடம் கேட்கும்போது தயங்கத் தேவையில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், அந்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். தும்பா விண்வெளி மையமும் தெற்கு ரயில்வேயும் அப்ரண்டிஸ்களுக்கு அறிவிப்பு வெளியிடுவது வழக்கம், அவற்றைத் தவற விடாதீர்கள். நிறுவனம் ஒத்துக்கொண்டால் ஒப்பந்தம் உங்கள் லாகினுக்கே வரும். அதைப் படிக்காமல் ஓகே கொடுப்பதுதான் பெரிய தவறு. தொழிலின் பெயர் நீங்கள் படித்ததுதானா? தொடங்கும் தேதி நீங்கள் உண்மையில் சேர்ந்த தேதிதானா? ஜூனில் சேர்த்துக்கொண்டு செப்டம்பரில் பதிந்தால் மூன்று மாத உழைப்பு கணக்கில் ஏறாது. “பதிவெல்லாம் பிறகு” என்கிற இடத்தில் பதிவாகும் வரை வேலையில் இறங்காதீர்கள். குழப்பம் இருந்தால் அப்ரண்டிஸ் பயிற்சியைக் கவனிக்கும் அரசு அலுவலகமான, திருவனந்தபுரம் சாக்கையில் உள்ள ஆர்.ஐ. சென்டரில் கேளுங்கள்.

“இந்தக் காசுக்கு ஒரு வருஷமா?” என்ற கேள்வி நியாயமானது. 2019-இல் திருத்திய விதிகள் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 7000, டிப்ளமோவுக்கு 8000, பட்டதாரிக்கு 9000 ரூபாய் என்று வைத்தன. கேரளத்தில் கட்டட வேலைக்கு நாள் கூலி 800-ஐத் தாண்டும். அப்படியானால் ஒன்பது நாள் கூலியில் ஐ.டி.ஐ. முடித்தவரின் மாத ஸ்டைப்பண்ட் வந்துவிடும். அந்த ஒரு வருஷத்தை மட்டும் பார்த்தால் கூலி வேலைதான் லாபம். ஆனால் கூலி வேலை எத்தனை வருஷம் செய்தாலும் கையில் சான்றிதழ் வராது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ரயில்வேயின் லெவல்-1 பணியிடங்களில் 20 சதவீத ஒதுக்கீடே இருக்கிறது. வீட்டில் கஷ்டம் என்றால், தினமும் போய்வரும் தூரத்தில் உள்ள இடத்தையே எடுங்கள். கொச்சியில் ரூம் வாடகை கொடுத்தால் ஸ்டைப்பண்டில் என்ன மிஞ்சும்?

பயிற்சி முடிந்தால் வேலை உறுதியா என்றால், இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, வேலை கொடுக்கும் கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல. ஆனாலும் வேலையில் காயம்பட்டால் நஷ்ட ஈடு உண்டு. பயிற்சியின் முடிவில் அகில இந்தியத் தேர்வு எழுதி ஜெயித்தால் கிடைக்கும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இதன் மதிப்பு அதிகம். 1956-இல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு இந்தச் சான்றிதழைத் தடுக்காது. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் அதே தாளைக் காட்டி வேலை கேட்கலாம்.

ஒரு மாதத்துக்கான ஸ்டைப்பண்ட் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் ஒப்பந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.