கவசத் தகடும் புதிய சிற்பமும்

ஆலயம் வழிபாட்டுக்குரிய இடம் மாத்திரமன்று. கல், மரம், உலோகம், வர்ணம் ஆகியவற்றில் கைதேர்ந்தவர்களின் வேலைகள் ஒருங்கே சேரும் இடமுமாகும். இவற்றுள் விக்கிரகத்தைப் பற்றியும் தேரைப் பற்றியும் எழுதியோர் பலர். விசேட தினங்களில் சுவாமிக்குச் சாத்தப்படும் கவசத்தைப் பற்றி எழுதியோர் குறைவு. அக்கவச வேலையே இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையிலே ஒரு புதிய சிற்ப முறைக்கு வழிகாட்டியது என்பதை அடியார்களில் அநேகர் அறிந்திருக்க மாட்டார்கள்.

கவசம் வார்ப்பு வேலையன்று, தகட்டு வேலை. வெள்ளி, செம்பு அல்லது பித்தளைத் தகட்டை நெருப்பிற் காய்ச்சி இளக்கி, அரக்குப் படுக்கையின் மீது வைத்து, சிறு உளிகளாலும் சுத்தியலாலும் பின்புறத்திலிருந்து தட்டி உருவத்தைப் புடைக்கச் செய்வர். பின்பு முன்புறம் திருப்பிக் கண், மூக்கு, ஆபரணம், ஆடை மடிப்பு ஆகியவற்றை நுணுக்கமாக எடுப்பர். தட்டத் தட்டத் தகடு இறுகும்; இறுகிய தகட்டை மேலும் அடித்தால் வெடித்துவிடும். ஆகவே மீண்டும் நெருப்பு, மீண்டும் அரக்கு. நகை செய்யும் பத்தர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும்.

மூலஸ்தானத்தில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தியை அடியார் முன்னின்றே தரிசிக்கின்றார். ஆதலால் கவசத்துக்கு முன்புறம் போதும், முதுகு வேண்டியதில்லை. இந்தச் சிறிய விடயந்தான் பின்னர் பெரிய விடயமாயிற்று.

சென்னை ஓவியக் கல்லூரி 1850ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் ஓவிய, சிற்ப வகுப்புகளில் நெடுங்காலம் ஐரோப்பிய முறையே மேலோங்கி நின்றது. அம்முறைப்படி நல்ல சிற்பமென்றால் நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். சென்னைக்குச் சென்றுவந்தோர் மெரினாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பார்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1957 வரை அக்கல்லூரியின் தலைவராக இருந்தவர். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த கே. சி. எஸ். பணிக்கரும், சிற்ப ஆசிரியர் எஸ். தனபாலும், ஐரோப்பியரைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தால் எங்கள் கலை எங்கே என்ற கேள்வியை மாணவர் மத்தியில் எழுப்பினர்.

அக்கேள்விக்குத் தகட்டினால் விடை தந்தவர் பி. வி. ஜானகிராம் (1930 - 1995). அவர் களிமண்ணையும் கல்லையும் விட்டுச் செம்புத் தகட்டை எடுத்தார். கவசம் செய்வோரைப் போலவே தகட்டைத் தட்டிப் புடைப்பித்தார். அதன்மேல் உலோகக் கம்பிகளையும் கீற்றுகளையும் ஒட்டவைத்து ஆபரணமும் ஆடைக்கரையும் ஆக்கினார். பளபளப்பு வேண்டுமென்று நினையாமல் செம்பைக் கறுக்கச் செய்து, பழைய கோயிற் பாத்திரத்தின் நிறத்தைக் கொண்டுவந்தார். பிள்ளையாரையும் தேவியையும் செய்த அதே கையால் இயேசுநாதரையும் செய்தார். எல்லாம் முன்னின்று பார்க்கவேண்டியவை. முதுகில்லாத சிற்பம் குறைபாடுடையது என்று ஐரோப்பிய முறை கூறும். மூலஸ்தானத்தின் முன் நின்று பழகியவருக்கு அதிற் குறை தோன்றாது.

இவ்வுருவங்களைக் கண்டு, சுவாமியை விகாரப்படுத்துகிறார்கள் என்று மனம் வருந்துவோரும் உளர். அவ்வருத்தத்தை அலட்சியம் செய்தல் ஆகாது. ஆயினும் இரண்டின் நோக்கமும் வெவ்வேறு. வழிபாட்டுக்குரிய மூர்த்திக்குச் சிற்ப சாஸ்திர அளவு உண்டு, தியான சுலோகம் உண்டு, பிரதிஷ்டை உண்டு. சிற்பாசாரியார் தம் இஷ்டப்படி கையை நீட்டவோ குறுக்கவோ முடியாது. ஜானகிராமின் பிள்ளையார் பிரதிஷ்டைக்காகச் செய்யப்பட்டதன்று. ஆலயத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது தொழில் நுட்பத்தையும் பார்வையையுமே. ஆனால் ஆலய வேலைக்கும் அதே சுதந்திரம் வேண்டுமென்று யாராவது கேட்டால் அதற்கு இணங்குதல் தகாது.

1966இல் பணிக்கரின் தலைமையில் சென்னைக்குத் தெற்கே கடலோரமாகச் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமம் உருவாயிற்று. ஜானகிராமும் அதில் ஒருவர். படங்களை வாங்குவோர் அரிதாயிருந்த காலம் அது. பத்திக் துணி முதலிய கைப்பணிகளைச் செய்து விற்றே அவர்கள் நிலத்துக்கும் சீவனத்துக்கும் வழி தேடினர். கைத்தொழில் வேறு, உயர்ந்த கலை வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம். பணிக்கரின் மகனான எஸ். நந்தகோபாலும் (1946 - 2017) உலோகத்தில் முன்முகச் சிற்பங்களையே செய்து புகழ்பெற்றார்.

ஆலயங்களிலோ கவசம் பழுதடைந்தால் தராசில் நிறுத்து, உருக்கி, புதியது செய்விப்பது வழக்கம். இப்பொழுது அச்சில் அழுத்திய தகடுகளும் வருகின்றன. விலை குறைவு, பளபளப்பு அதிகம். கையால் அடித்த பழைய கவசத்தைத் திருப்பிப் பார்த்தால் உட்புறத்தில் ஒவ்வொரு சுத்தியலடியும் தெரியும். அச்சுத் தகட்டில் அது இராது. புனருத்தாரண வேலையின்போது உருக்கத்தான் வேண்டுமென்றாலும், அதற்கு முன்னர் இருபுறத்தையும் படம் பிடித்து, உயரம், அகலம், நிறை ஆகியவற்றைக் குறித்து, செய்தவரின் பெயரும் உபயகாரரின் பெயரும் தெரிந்தால் அவற்றையும் ஆலயப் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.