கிளைகள் எங்கே இருக்கின்றன?

கேள்வி: தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிக்கு 500க்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளனவே, அதை அகில இந்திய வங்கி எனலாமா?

பதில்: நான் அப்படிச் சொல்லமாட்டேன். எண்ணிக்கையைவிட இடம்தான் முக்கியம். 2022இல் பங்கு வெளியிட்டபோது இருந்த 509 கிளைகளில் 369 தமிழ்நாட்டில். பத்தில் ஏழுக்கும் மேல். அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று: மொத்தத்தில் 247 சிறுநகரக் கிளைகள், பெருநகரங்களில் 76 மட்டுமே. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, வணிகர்களை நம்பி வளர்ந்த வங்கி இது. கடைவீதியை அறிந்து கடன் கொடுப்பதைப் பெரிய பலமாகவே மதிக்கிறேன். ஆனால் இங்கே வியாபாரம் படுத்தால் அடியும் மொத்தமாக விழும். கிளைப் பட்டியலோடு நிற்காமல், வைப்பும் கடனும் எந்த மாநிலத்தில் குவிந்திருக்கின்றன என்றும் பாருங்கள்.