தொட்டால் திரும்பி வரவேண்டும்

கேள்வி: ரீபோல் செய்து பூட்டிய சிப் சில நாளிலேயே மறுபடி விட்டுவிடுகிறது. ஹொட் எயார் சூட்டைக் கூட்டவா?
— கைபேசி திருத்துநர், கிளிநொச்சி

பதில்: சூட்டை விடுங்கள், பழைய சொல்டரை முழுக்க வழித்தெடுத்தீர்களா? 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, போர்டுகளில் பெரும்பாலும் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைதான். அது உருக 217 பாகை வேண்டும். ஈயம் கலந்த 63/37 சொல்டருக்கு 183 போதும். இரண்டும் அரைகுறையாகக் கலந்தால் பிடிப்பு இராது. ஃபிளக்ஸ் பூசி, செம்புப் பின்னலால் ஒற்றியெடுத்து, அல்ககோலால் துடையுங்கள். ஸ்டென்சிலில் தடவும் பேஸ்ட் தண்ணீராக இருந்தால் சொல்டர் குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். சிப்பைச் சூடாக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், என்ன செய்வது! சொல்டர் உருகியதும் சிப்பின் ஓரத்தை இடுக்கியால் மெல்லத் தொடுங்கள். சற்றே விலகி, தானாகவே பழைய இடத்துக்கு வந்தால் காற்றை எடுத்துவிடலாம். ஆறும்வரை போர்டை அசைக்காதீர்கள்.